கொந்தராத்துக் கொடுத்தால் பொறுப்புத் தீர்ந்துவிடுமா?

(கொக்கட்டிச்சோலையில் கூடிய கமக்காரர் கூட்டத்தில் மட்டக்களப்பு வழக்கறிஞர் ஒருவர் நிகழ்த்திய உரையை இங்கு தருகின்றோம்.)



தான்தோன்றீஸ்வரர் வீற்றிருக்கும் ஊரில் நின்று பேசுகின்றவன் உண்மையை ஒளிக்கலாகாது. ஆகவே எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். கட்டட வேலையின்போது நேரும் விபத்துகளுக்குக் கமக்காரர் எவ்வளவு பொறுப்பு என்பதைச் சட்டப்படி விளக்குமாறு என்னைக் கேட்டிருந்தீர்கள். விளக்கத்தான் போகின்றேன். ஆனால், அழைப்புக் கிடைத்தவுடன் மறுபேச்சின்றி நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன் நான் வாதாடி வென்ற ஒரு வழக்கு.

படுவான்கரைக் கமக்காரர் ஒருவர். அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். இந்தச் சபையில் அவர் இருக்கின்றாரா இல்லையா என்பதையும் சொல்லமாட்டேன். அவருடைய சம்மதத்தோடுதான் பேசுகின்றேன். அவரது நெற்களஞ்சியத்தின் கூரை பழுதாகிவிட்டது. பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டுக் கூரை. மாரி தொடங்குமுன் தகடுகளை மாற்றிவிட வேண்டுமென்று ஒரு மேசன் பாஸிடம் மொத்தமாகக் கொந்தராத்துப் பேசிக் கொடுத்தார். பாஸ் இரண்டு கையாட்களோடு வந்தார். இரண்டாம் நாட் காலையில், கையாட்களில் இளையவர் பழைய தகடுகளைக் கழற்றுவதற்காக மேலே ஏறினார். நான்கு அடிதான் வைத்திருப்பார். தகடு உடைந்தது. கீழே சீமெந்துத் தளம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. அவருக்குத் திருமணமாகி ஓர் ஆண்டு நிறையவில்லை.

அந்தப் பெண் நட்டஈடு கேட்டு வழக்கு வைத்தாள். பாஸிடம் இருந்தவை ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் கரண்டியும் மட்டப்பலகையுமே. ஆகவே கமக்காரரையும் எதிரியாகச் சேர்த்திருந்தார்கள். நான் கமக்காரருக்காகத் தோன்றினேன். என் கட்சிக்காரரின் தொழில் வேளாண்மை, கூரை வேய்தல் அவருடைய தொழில் அன்று. ஒப்பந்தகாரர் சுயாதீனமாக வேலை செய்பவர், எப்படி ஏறுவது எங்கே கால்வைப்பது என்று அவருக்குக் கட்டளையிடும் உரிமை என் கட்சிக்காரருக்கு இல்லை. என் கட்சிக்காரர் கவலையீனமாக நடந்தார் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. இவ்வாறு வாதாடினேன். அவருக்கெதிரான வழக்குத் தள்ளுபடியாயிற்று. சட்டப்படி சரியான தீர்ப்பு. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

தீர்ப்புக் கேட்டு வெளியே வந்து மரநிழலில் நின்றோம். வென்றவர் முகமாக அவர் முகம் இருக்கவில்லை. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, அந்தத் தகடு வெடிச்சிருந்தது எனக்குத் தெரியும். நான் ஏறினா ஆணி வரிசையிலதான் கால் வைக்கிற. அந்தப் பொடியனுக்குச் சொல்ல வேணுமெண்டு எனக்குத் தோணல்ல."

வழக்குக்கு முன் நான் அவரிடம் கேளாத கேள்வி அது. கேட்டிருந்தால் மறைத்திருக்கமாட்டார், அவர் அப்படிப்பட்ட மனிதர் அல்லர். கேளாமல் விட்டதைத் தொழிற்சாதுரியம் என்று அக்காலத்தில் நான் எண்ணியிருந்தேன்.

பெருமக்களே, நான் இன்று சொல்ல வந்ததெல்லாம் அந்த மனிதர் சொன்ன இரண்டு மூன்று வார்த்தைகளுக்குள் இருக்கின்றது. கொந்தராத்துக் கொடுக்கும்போது வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கின்றோம். எமது வளவைப் பற்றியும் கட்டடத்தைப் பற்றியும் நாம் அறிந்திருக்கும் அறிவை ஒப்படைக்கின்றோமா? எந்தத் தகடு வெடித்தது, எந்த மரம் உக்கியது, எங்கே பழைய துரவு தூர்ந்து கிடக்கின்றது, எந்தக் கம்பியில் மின்சாரம் ஓடுகின்றது என்பவை எமக்குத் தெரியும். வேற்றூரிலிருந்து காலையில் வந்து மாலையில் போகின்ற மேசனுக்கும் ஓடாவிக்கும் எப்படித் தெரியும்? முப்பது வருடம் அந்தக் கூரையின்கீழ் நெல் அடுக்கியவருக்குத் தெரிந்தது, நேற்று வந்த பையனுக்குத் தெரியவில்லை. அந்த வித்தியாசந்தான் அவனைக் கொன்றது.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று இரண்டு உண்டு. கட்டினான் என்பது ஒன்று, கட்டுவித்தான் என்பது வேறொன்று. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் இராசராச சோழன் தான் எடுத்த கற்றளி என்று சொல்லிக்கொள்ளவில்லை. தான் எடுப்பித்ததாகவே சொல்கின்றான். எடுத்த பெருந்தச்சனின் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றது. நாமோ ஆயிரம் வருடத்தின் பின்னும் அந்தப் பேரரசனளவுக்குக்கூட நேர்மையாகப் பேசுவதில்லை. வீடு குடிபுகும் நாளில் "போடியார் கட்டின வீடு" என்பதே ஊர்ப் பேச்சு. மேசனின் பெயர் யாருக்கு ஞாபகம்? ஆனால் அதே வீட்டில் ஒருவன் சாரத்திலிருந்து விழுந்தால், "அது கொந்தராத்துக்காரனுடைய பாடு" என்று பேச்சு மாறிவிடுகின்றது. பெயருக்கு நாம், பழிக்கு மற்றவரா?

இனிச் சட்டத்துக்கு வருகின்றேன். பயப்படாதீர்கள், அதிக நேரம் எடுக்கமாட்டேன்.

வேலை செய்யும்போது காயமடைந்த தொழிலாளிக்கு அவருடைய முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டுமென்பது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் சாரம். முதலாளி பிழை செய்தார் என்று காட்டவேண்டிய அவசியம் இல்லை. நல்ல சட்டம். ஆனால் கையாளின் முதலாளி யார்? பெரும்பாலும் மேசன் பாஸ்தான். அவர் வீட்டிலேயே அடுப்பெரியாத நாட்கள் உண்டு. அவரிடமிருந்து எதை வசூலிப்பது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளையும் தொட்டுச் செல்கின்றது. ஆயினும் அச்சட்டத்தின் பார்வை பட்டணத்து மாடிக் கட்டடங்களில் விழுமேயன்றி, வயலோரத்து நெற்களஞ்சியத்தில் விழுவது அரிது.

இவற்றுக்கு அப்பால், இந்நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் இருக்கின்றது. அது சொல்வதை நன்றாக மனத்தில் இருத்துங்கள். சுயாதீனமான ஒப்பந்தகாரர் தம் வேலையில் செய்கின்ற பிழைக்குப் பொதுவாகக் கட்டுவித்தவர் பொறுப்பல்லர். ஆனால் கட்டுவித்தவர் தாமே செய்த பிழைக்கு அவரே பொறுப்பு. தம்முடைய இடத்தில் மறைந்திருக்கும் ஆபத்தை அறிந்திருந்தும், அங்கே வேலைக்கு வருகின்றவனுக்குச் சொல்லாமல் விடுவது யாருடைய பிழை? மரநிழலில் என் கட்சிக்காரர் சொன்னதைச் சாட்சிக் கூண்டில் நின்று சொல்லியிருந்தால், நான் எவ்வளவு வாதாடியும் அந்தத் தீர்ப்புக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. கொந்தராத்து எழுதிய தாள் எம்மைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்கின்ற கமக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இது புதிய நியாயமும் அன்று. கட்டாக்காலி மாடு அயலவன் வேளாண்மையில் இறங்கி மேய்ந்துவிட்டால் எமது வழமை என்ன? மாட்டுக்காரர், "நான் பட்டிக்காரனிடம் ஒப்படைத்துவிட்டேன், அவனைப் போய்க் கேள்" என்று சொன்னால் வட்டவிதானை கேட்டுக்கொண்டிருப்பாரா? குறி யாருடையது என்று பார்த்து, குறிக்காரரிடந்தான் அழிவுக் கணக்கைக் கொடுப்பார். 1876ஆம் ஆண்டிலேயே மாடுகளின் அத்துமீறலுக்கென்று தனிச் சட்டமும் வந்துவிட்டது. பயிருக்கு இவ்வளவு தெளிவான நீதியை வைத்திருக்கின்ற சமுதாயம், மனித உயிரென்று வரும்போது மட்டும் "ஒப்படைத்துவிட்டேன்" என்ற சொல்லை ஏற்றுக்கொள்வது விசித்திரம்.

இந்த ஊர்க் கோயிலின் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேரோட்டத்தன்று, தேர் செய்தவர் தச்சர், ஆபத்து வந்தால் அவர் பாடு என்று வண்ணக்கர்மார் வீட்டில் இருந்துவிடுகின்றார்களா? முட்டுக்கட்டையோடு நடப்பவர் யார், வடத்தின் அருகே சிறுவர் வராமற் பார்ப்பவர் யார் என்று எல்லாம் ஒழுங்கு செய்யவேண்டி இருக்கின்றது அல்லவா?

ஏன் இன்று இதைப் பேசவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். எமது பாட்டன்மார் காலத்திலும் வீடு கட்டினார்கள். மண்சுவர், கிடுகுக் கூரை. அதிலிருந்து விழுந்தால் கால் சுளுக்கும். அயலவர்கள் கூடிச் செய்த வேலை. வேலை செய்தவனும் அந்த வளவில் விளையாடி வளர்ந்தவன். 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, சீமெந்துப் பையும் கம்பியும் பாதையில் ஏறித்தான் இக்கரைக்கு வரவேண்டியிருந்தது. (பட்டணத்து நண்பர்களுக்காகச் சொல்கின்றேன்: இங்கே பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவைப் படகு.) பாலம் வந்தபின் பாரவூர்தி வீட்டு வாசலுக்கே வருகின்றது. கொங்கிரீட் தூண், இரும்புக் கூரை, நெல் காயவிடும் தளம், அரிசி ஆலைக்குக் கொட்டகை என்று கட்டடங்கள் பெருத்தன, உயர்ந்தன. கட்டுபவரும் முன்பின் அறியாதவராயினர்.

வீட்டுத் திட்டங்களும் எம்மை மாற்றின. இந்திய வீடமைப்புத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2012ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான வீடுகள் வீட்டுக்காரரே கட்டுவிக்கும் முறையில் எழுந்தன. ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. மேசனைத் தேடுவதும் சாமான் வாங்குவதும் வீட்டுக்காரர் வேலை. அம்முறையை நான் வரவேற்றவன், இன்றும் வரவேற்கின்றவன். யாரோ கட்டித்தந்த பெட்டிக்குள் குடியிருப்பதைவிட எம் விருப்பப்படி கட்டுவித்துக்கொள்வது மேலானது. ஆனால் கட்டுவிக்கும் உரிமை கைக்கு வந்தபோது, கட்டுவிப்பவரின் கடமையும் கூடவே வந்துவிட்டதென்று எமக்கு எத்தனை பேர் சொன்னார்கள்?

கிணறுகளைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். கூரையில் ஒருவன் விழுந்தால் ஒருவன் சாவான்; கிணற்றிலோ ஒருவன் பின் ஒருவனாக இறங்கிச் சாவார்கள். கிணறு இறைத்துச் சேறு வாரும்போது, நீர் கீழே போகப்போக இயந்திரத்தையும் கீழே இறக்குகின்றார்கள். மேலே வைத்தால் இழுக்காது. ஏறத்தாழ ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்குமேல் உறிஞ்சுகின்ற வல்லமை அந்த இயந்திரத்துக்கு இல்லை. கிணற்றுக்குள் ஓடுகின்ற இயந்திரத்தின் புகையில் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு இருக்கின்றது. நிறமில்லை, மணமில்லை. இறங்கியவன் தலை சுற்றுகின்றதென்று சொல்லவும் நேரமிராது. அவன் சரிந்ததைக் கண்டு தம்பி இறங்குவான். தம்பியைக் காப்பாற்ற அயலவன் இறங்குவான். ஒரே கிணற்றில் இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளை நீங்களும் பத்திரிகையிற் படித்திருப்பீர்கள்.

எமது முன்னோர் விளக்கைக் கயிற்றிற் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது. அது அறிவுள்ள வழக்கமே. பிராணவாயு குறைந்த கிணற்றை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் இயந்திரப் புகையை அது காட்டாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், மனிதன் அணைந்துவிடுவான். ஆகவே, கிணற்றுக்குள் எண்ணெயில் ஓடும் இயந்திரத்தை இறக்காதே என்று சொல்லும் கடமை கிணற்றுக்காரருக்கு உண்டு. "அவனுடைய இயந்திரம், அவனுடைய விருப்பம்" என்று திண்ணையில் இருந்து பார்க்கலாகாது. இறங்குகின்றவனின் இடுப்பில் கயிறு இருக்கவேண்டும். மறு நுனி மேலே இரண்டு பேர் கையில் இருக்கவேண்டும். அவன் விழுந்தால் தூக்குவதேயன்றி, பின்னால் இறங்குவது கூடாது. கயிறு என்ன விலை?

வளவுக்குள் தூர்ந்து கிடக்கும் துரவுகளும் அப்படியே. மேலே பலகை போட்டு, பலகைமேல் மண் விழுந்து, மண்மேல் புல் முளைத்துவிட்டது. எமக்குத் தெரியும், சுற்றிப் போவோம். கல் ஏற்றிவந்த உழவு இயந்திரம் நேராக அதன்மேல் ஏறும். குழியைத் தோண்டி மூடாமல் விட்டவன், அதற்குள் அயலவனுடைய மாடோ கழுதையோ விழுந்தால் இழப்பைக் கொடுக்கவேண்டுமென்று மோசேயின் நியாயப்பிரமாணத்திலே சொல்லியிருக்கின்றது. கிறிஸ்தவ நண்பர்கள் அறிவார்கள்.

மலசலகூடக் குழி வெட்டும்போது ஒரு விஷயம். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் பாரம். மழையில் நனைந்தால் இன்னும் அதிகம். கழுத்தளவு குழிக்குள் நிற்பவன்மேல் ஒரு பக்கம் சரிந்தால், தலை வெளியே இருந்தாலும் நெஞ்சு விரிய இடமிராது. எமது மண் மணலா களியா, போன மாரியில் நீர் எங்கே ஊறி நின்றது என்பதை மேசனுக்குச் சொல்லவேண்டியவர் நாமே. வெட்டி எடுத்த மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கவும் விடலாகாது.

அடுத்ததைப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. யானைக்கென்று வீட்டு மின்சாரத்தை, 230 வோல்ட்டை, நேரடியாக வேலிக் கம்பியில் ஏற்றுகின்றவர்கள் இருக்கின்றார்கள். யானையால் நீங்கள் படும் துன்பத்தை நான் அறியாதவன் அல்லேன். தென்னையும் போய், வேளாண்மையும் போய், சில வீடுகளில் ஆளும் போய்விட்டார். முறையான யானைவேலியில் மின்சாரம் விட்டுவிட்டு ஒரு துடிப்பாக வந்து போகும். அது அடிக்குமேயன்றிக் கொல்லாது. வீட்டுக் கம்பியை இழுத்துக் கட்டிய வேலி யானையையும் கொல்லும், ஆளையும் கொல்லும். அது சட்டவிரோதம் என்பதால், அப்படி இழுத்தவர் வேலைக்கு வருபவனிடம் சொல்லவும் அஞ்சுகின்றார். விடியற்காலை மரம் இறக்க வந்தவன் அதில் கை வைத்தால், பிறகு எந்த வழக்கறிஞர் வந்து என்ன செய்ய? நான் அந்த வழக்கை எடுக்கமாட்டேன்.

அஸ்பெஸ்டஸைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. விழுந்தால் மட்டும் ஆபத்தென்பதில்லை. அதன் தூசி சுவாசப்பையிற் தங்கிப் பல வருடங்களின் பின் நோயாக வெளிப்படும். 2024ஆம் ஆண்டுக்குள் இந்நாட்டில் அதை ஒழித்துவிடுவதென்று அரசு திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பெட்டியொன்றில் வண்டு இருந்ததென்று சொல்லி ருசியா எமது தேயிலையைத் தடைசெய்தது. அஸ்பெஸ்டஸை எமக்கு விற்கும் நாடும் அதுவே. சில வாரங்களில் அஸ்பெஸ்டஸ் மீதான கட்டுப்பாட்டை அரசு தளர்த்திக்கொண்டது. சிறிய நாட்டின் கூரையைப் பெரிய நாடுகள் எப்படித் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை. அரசியல் எப்படியோ போகட்டும். பழைய தகட்டை உடைத்து எறியாமல், நீர் தெளித்து, ஆணியைக் கழற்றி முழுதாக இறக்கச் சொல்லுங்கள். எவரும் தகட்டின்மேல் நேராக நடக்கக் கூடாது. மரத்துக்கு மரம் தாங்கும்படி அகலப் பலகை போட்டு, அதன்மேல் நடக்கவேண்டும். கூடுமானால் கீழே நின்றே கழற்றவேண்டும்.

"ஐயா, இவ்வளவும் செய்ய எங்களிடம் காசு எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தி எமது போகத்தை நாசமாக்கிய கதை யாருக்கும் மறந்திருக்காது. அந்தக் கடனிலிருந்து மீளாத குடும்பங்கள் பல. நெல் விலை எமது கையில் இல்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசுகின்றேன். ஆனால் அந்தக் களஞ்சியத்தில் என்ன செலவாகியிருக்கும்? "தம்பி, அந்த மூலைத் தகடு வெடிச்சது, ஏறாதே" என்ற வாக்கியத்துக்கு விலை இல்லை. இரண்டு பலகை அயலில் இரவல் வாங்கியிருக்கலாம்.

செலவாகும் இடங்களும் உண்டு. அதை மறைத்துப் பேசமாட்டேன். நல்ல சாரத்துக்குக் காசு வேண்டும். மூன்று பாஸ்மாரிடம் விலை கேட்டு, ஒருவரை மற்றவரோடு மோதவிட்டு, கடைசியில் ஆகக் குறைந்த தொகைக்குப் பேசிவிட்டோம் என்று பெருமைப்படுகின்றோமே, அந்தக் குறைத்த தொகை எதிலிருந்து குறைந்தது? சீமெந்தில் குறைத்தால் சுவரில் தெரியும், நாம் சண்டைக்குப் போவோம். சாரத்திற் குறைத்தால் எவருக்கும் தெரியாது. பூவரசந் தடியும் தேங்காய்நார்க் கயிறும் நாலு பேரைத் தாங்கவேண்டியதாகின்றது. அதோடு அவசரம் வேறு. பெரும்போகத்துக்கு வயலில் இறங்குமுன், மாரி வருமுன், கூரை முடியவேண்டும் என்று புரட்டாதியில் நெருக்குகின்றோம். மழை தூறினாலும் ஏறு என்கின்றோம். வேலை முடியுமுன்னே போத்தல் காட்டுகின்ற வழக்கமும் சில இடங்களில் இருக்கின்றது. விருந்தோம்பலுக்கு அதுவல்ல நேரம்.

தாய்மார்களே, உங்களிடமும் ஒன்று. எமது மட்டக்களப்பு வழமையில் வீடு என்பது மகளுக்கு. ஒரு கமக்காரர் வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்து எழுப்புவது மகளின் சீதன வீடு. நாள் பார்க்கின்றோம், நிலையம் பார்க்கின்றோம், நிலை வைக்கும்போது திசை பார்க்கின்றோம். அந்த வாசலில் ஒருவன் விழுந்து இறந்தால் உங்கள் மகள் அதைத் தாண்டித் தாண்டி எத்தனை வருடம் நடப்பாள்? நாள் பார்க்கின்ற அன்றைக்கே சாரத்தையும் ஒருமுறை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு புறத்தையும் பாருங்கள். எமது பிள்ளைகள் மத்திய கிழக்கு நாடுகளில் கட்டட வேலை செய்கின்றார்கள். 2022ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டம் கட்டாரில் நடந்தது. 2010இல் அந்நாட்டுக்கு அப்போட்டி வழங்கப்பட்டதிலிருந்து, அங்கே வேலைசெய்து மடியும் ஆசியத் தொழிலாளர்களுக்கு யார் பொறுப்பு என்று உலகம் கேட்டது. கேள்வி உப ஒப்பந்தகாரரிடம் போகவில்லை. மைதானங்களைக் கட்டுவித்தவர்களிடமே போனது. அந்த நெருக்குதலால் 2014இல் ஏற்பாட்டுக் குழு தொழிலாளர் நலத் தரங்களை வெளியிட்டு, தன் ஒப்பந்தகாரர்களை அவற்றுக்குக் கட்டுப்படுத்தவேண்டி வந்தது. அது போதாதென்று சொன்னவர்களும் பலர். நான் கேட்பது இதுதான்: எமது பிள்ளை அங்கே விழுந்தால் அந்நாட்டு எசமான் பதில் சொல்லவேண்டும் என்கின்றோம். எமது வளவில் விழுகின்றவனும் ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய்க்குப் பிள்ளை அல்லவா?

பிரிட்டனில் 1994இல் ஆக்கப்பட்டு, பின்னர் 2015இல் புதிதாக எழுதப்பட்ட கட்டட வேலை விதிகள் இவ்விஷயத்தை நேராகவே பிடித்துக்கொள்கின்றன. தொழிலுக்காகக் கட்டடம் கட்டுவிக்கின்ற எவரும், பண்ணைக்காரர் உட்பட, தமது இடத்தின் ஆபத்துகளைப் பற்றித் தாம் அறிந்த தகவல்களை ஒப்பந்தகாரருக்கு முன்கூட்டியே கொடுக்கவேண்டும். வேலையைப் பாதுகாப்பாகச் செய்யப் போதிய காலமும் கொடுக்கவேண்டும். மரநிழலில் என் கட்சிக்காரர் தாமாகவே கண்டுகொண்ட நியாயந்தான் அங்கே சட்டமாக இருக்கின்றது. அந்நாட்டுப் பண்ணைகளிலும் பழைய கூரைத் தகடு உடைந்து விழுந்து இறக்கின்றவர்கள் உண்டு. ஆங்கிலேயர் விட்டுப்போன சட்டங்களையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கின்ற நாம், அவர்கள் பிற்காலத்திற் கற்றுக்கொண்டதை மட்டும் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? சட்டம் செய்கின்றவர்கள் பதில் சொல்லட்டும்.

கமக்கார அமைப்புகளின் நிருவாகிகளுக்குத் தனியாக ஒரு சொல். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் இயங்கும் உங்கள் அமைப்புகள் வாய்க்கால் கட்டுவது, துருசு திருத்துவது, குளக்கட்டு உயர்த்துவது போன்ற வேலைகளைத் தாமே ஒப்பந்தம் எடுக்கின்றன. அப்போது நீங்கள் கட்டுவிப்பவரும் ஆவீர்கள், ஒப்பந்தகாரரும் ஆவீர்கள். கூலிக்கு வருபவனுக்கு நீங்களே முதலாளி. வாய்க்காற் சுவர் சரிந்து ஒருவர் கால் முறிந்தால், நட்டஈட்டுக் கடிதம் தலைவருக்கும் பொருளாளருக்குமே வரும். வேலை தொடங்குமுன் தொழிலாளருக்குக் காப்புறுதி எடுத்துவிடுங்கள். மதிப்பீட்டிலேயே அந்தச் செலவைச் சேர்க்கும்படி தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேளாதவருக்கு அவர்கள் சேர்ப்பதில்லை. தனியாருக்குக் கொந்தராத்துக் கொடுப்பவர்களும், காப்புறுதித் துண்டு இருக்கின்றதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். சிறிய பாஸிடம் இராது. இல்லையென்றால், நீங்கள் பாதி, அவர் பாதி போட்டு எடுக்கலாமா என்று பேசிப்பாருங்கள்.

உத்தியோக நண்பர்களே, வரைபடம் போட்டுக் கொடுத்து ஒப்பமிட்டுவிட்டுப் போகின்ற பொறியியலாளரும், காசுக் கட்டம் விடுவிக்க வந்து சுவரை மட்டும் அளந்துவிட்டுப் போகின்ற உத்தியோகத்தரும், என்னைப்போல் கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாமல் விடுகின்ற வழக்கறிஞரும் ஒரே தட்டில் நிற்கின்றோம். இதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

முடிக்குமுன் ஒரு வேலை இருக்கின்றது. கொந்தராத்துப் பேசும்போது கட்டுவிப்பவரும் ஒப்பந்தகாரரும் ஒன்றாக வளவைச் சுற்றி நடந்து நிரப்பவேண்டிய ஒரு தாளைத் தயாரித்திருக்கின்றேன். பழைய கிணறு, குழி எங்கே? மின்கம்பி எந்த வழியாகப் போகின்றது, அதை நிறுத்தும் ஆளி எங்கே? எந்த மரம் உக்கியது? மழை நாளில் வேலை நிறுத்தினால் கூலி யார் கொடுப்பது? விபத்து நேர்ந்தால் எந்த வாகனத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு? இப்படிப் பத்துக் கேள்விகள் எழுதி, என் பழைய கட்சிக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். பேனாவை வாங்கிப் பதினோராவது கேள்வியைத் தம் கையால் எழுதினார்: "இந்தக் கூரையில் நீங்கள் ஏறினால் எங்கே கால் வைப்பீர்கள்?" அதை அப்படியே அச்சிட்டிருக்கின்றேன்.

இறந்தவரின் மனைவிக்கு அவர் ஒவ்வொரு போகமும் நெல் அனுப்புகின்றார். முதல் வருடம் அது திரும்பி வந்தது. இரண்டாம் வருடமும் வந்தது. இப்பொழுது வருவதில்லை.

நூறு பிரதிகள் கொண்டுவந்தேன். செயலாளரின் மேசையில் இருக்கின்றன. அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதி, மாடு அப்புறப்படுத்தும் திகதி ஆகியவற்றோடு இதையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துப் பேசும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கின்றேன். மேசன்மாரையும் ஓடாவிமாரையும் அன்றைக்கு அழையுங்கள். அவர்கள் எழுதவேண்டிய கேள்விகளுக்கென்று தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கின்றேன்.